பழைய மடிக்கணினிக்குப் புத்துயிர்

தமிழ்நாட்டரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. மதுரைக் கோரிப்பாளையத்து இல்லமொன்றில் மூத்த மகள் பெற்ற கணினி இன்று விரைவு குன்றி மூலையில் கிடப்பதாகக் கொள்வோம். அதனை எறிந்துவிடலாமோ? ஆகாது. குறை எவ்வுறுப்பினது என முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

பழைய கணினியின் வன்தட்டு சுழலும் இயல்பினது. படிக்கும் முனை உரிய இடத்தை அடைந்த பின்னரே தகவல் கிடைக்கும். எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பே இல்லை. ஆதலின் அது பன்மடங்கு விரைவுடையது.

மழைநாளொன்றில் இம்மாற்றத்தை வீட்டிலேயே செய்யலாம். முதலில் கோப்புகளைப் படியெடுத்து வைத்தல் வேண்டும். பின்னர் மின்னிணைப்பையும் மின்கலத்தையும் நீக்கி, திருகாணிகளைக் கழற்றி, வன்தட்டிருந்த இடத்தில் புதியதைப் பொருத்துக. கட்டணமில்லாத லினக்சு இயங்குதளத்தை நிறுவின், அக்கா கற்ற கணினியிலேயே தம்பியும் கற்பான்.