சீட்டுக் குலுக்கலில் வந்த சேர்மன் பதவி 28 ஓட்டில் போனது!
கரிவலம் ஊராட்சி முதல் நெல்லை மேயர் வரை – நாற்காலி யார் கையில்?

கரிவலம்வந்தநல்லூர்,

சங்கரன்கோவில் – ராஜபாளையம் ரோட்டில், நிட்சேப நதிக்கரையில், பால்வண்ணநாதர் கோவில் கொண்டிருக்கும் ஊர் கரிவலம்வந்தநல்லூர். அக்கம்பக்கத்தாருக்குச் சுருக்கமாக "கரிவலம்". இங்கே நடப்பது கிராம ஊராட்சி.

பஸ் ஏறி சுமார் 10 கிலோ மீட்டர் போனால் சங்கரன்கோவில். அங்கே நகராட்சி. அதையும் தாண்டி நெல்லைக்குப் போனால் மாநகராட்சி. மேயர், சிவப்பு அங்கி, செங்கோல் என்று தடபுடல்!

மூன்றும் உள்ளாட்சிதான். ஆனால் மூன்று நாற்காலிகளையும் தாங்கி நிற்கும் கால்கள் ஒன்றல்ல.

"ஏன் அண்ணாச்சி, ஊர் ஓட்டுப் போட்டு வந்த சேர்மனை இப்படி எடுத்துப் போட்டுட்டாங்களே, அது எப்படி?" – 2025–ம் ஆண்டு சங்கரன்கோவில் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை இந்தக் கேள்விதான். கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஊர் ஓட்டுப் போட்டது கவுன்சிலருக்கு. சேர்மனுக்கு ஓட்டுப் போட்டது கவுன்சிலர்கள்.

15–க்கு 15!

சங்கரன்கோவில் நகராட்சியில் 30 வார்டுகள். 2022 பிப்ரவரி 19–ந் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மார்ச் மாதம் தலைவர் பதவிக்கு மறைமுக ஓட்டெடுப்பு. தி.மு.க.வைச் சேர்ந்த உமா மகேஸ்வரிக்கு 15 ஓட்டு. எதிர்த்து நின்ற அ.தி.மு.க. கவுன்சிலருக்கும் 15 ஓட்டு!

வேறு வழி இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். உமா மகேஸ்வரி பெயர் வந்தது. சேர்மன் ஆனார். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னே உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில் நடந்த குடவோலை முறை, கல்வெட்டில் இருந்து எழுந்து சங்கரன்கோவிலுக்கு வந்தது போல் இருந்தது!

சீட்டில் வந்த பதவிக்குச் சொந்த மெஜாரிட்டி கிடையாது. 2025 ஜூலையில் நம்பிக்கை இல்லா தீர்மானம் வந்தது. சேர்மனுக்கு எதிராக 28 பேர் ஓட்டுப் போட்டார்கள். மொத்தமே 30 பேர் என்னும்போது, கட்சி வித்தியாசம் எங்கே போனது என்று பார்த்துக் கொள்ளுங்கள். பதவி போனது. ஆகஸ்டு மாதம் அதே தி.மு.க.வைச் சேர்ந்த கவுசல்யா சேர்மன் ஆனார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நகராட்சித் தலைவரையோ மேயரையோ இறக்க சாதாரண மெஜாரிட்டி போதாது. மொத்த கவுன்சிலர்களில் ஐந்தில் நாலு பங்கு பேர் வேண்டும். 30 வார்டு என்றால் 24 பேர். 55 வார்டு உள்ள நெல்லை மாநகராட்சி என்றால் 44 பேர். லேசில் கூடாத கூட்டம் அது. சங்கரன்கோவிலில் கூடியது. நெல்லையில்?

ஆளே வராத ஓட்டெடுப்பு

நெல்லைக் கதை இன்னும் ருசிகரமானது. 2022 மார்ச்சில் மேயர் ஆனவர் பி.எம்.சரவணன். ஆளும் கட்சிக்காரர். கவுன்சிலர்களில் பெரும்பாலோரும் அதே கட்சி. சண்டைக்கு இடமே இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் சொந்தக் கட்சி கவுன்சிலர்களே மேயருக்கு எதிராகக் கொடி பிடித்தார்கள். கூட்டம் தோறும் அமளி.

நம்பிக்கை இல்லா தீர்மானத்துக்கு மனு கொடுத்தார்கள். 2024 ஜனவரி 12–ந் தேதி ஓட்டெடுப்பு என்று நாள் குறிக்கப்பட்டது. அதிகாரிகள் தயாராக இருந்தார்கள். போலீஸ் பந்தோபஸ்தும் இருந்தது. ஓட்டுப் போடத்தான் ஆள் இல்லை! ஒரு கவுன்சிலர் கூட வரவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களும் வரவில்லை. தீர்மானம் கைவிடப்பட்டது. கட்சித் தலைமையின் சமாதானப் பேச்சு வேலை செய்தது என்று ஊரே பேசியது.

சமாதானம் ஆறு மாதம் கூடத் தாங்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் சரவணன் ராஜினாமா செய்தார். கோவை மேயர் கல்பனாவும் அதே சமயத்தில் ராஜினாமா கொடுத்தார்.

ஆகஸ்டு 5–ந் தேதி நெல்லையில் புதிய மேயர் தேர்தல். கட்சி நிறுத்தியவர் ராமகிருஷ்ணன். "கிட்டு" என்றால்தான் தெரியும். சைக்கிளிலேயே சுற்றி வரும் எளிமையான ஆள் என்று பெயர் எடுத்தவர். போட்டி இருக்காது என்றார்கள். கடைசி நேரத்தில் அதே கட்சியின் இன்னொரு கவுன்சிலர் பவுல்ராஜ் மனு போட்டு விட்டார்! ராமகிருஷ்ணனுக்கு 30, பவுல்ராஜுக்கு 23, செல்லாத ஓட்டு 1.

நேரடியா, மறைமுகமா?

"மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இருக்காதே" என்று கேட்கலாம். இருந்ததுதான். 1996–ல் சென்னை மேயராக மு.க.ஸ்டாலினை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தனர். 2001, 2011 தேர்தல்களிலும் நேரடி ஓட்டுதான். 2006–லும் 2022–லும் கவுன்சிலர்கள் கையில்.

இடையில் நடந்த கூத்து தனி. 2016–ல் மறைமுகம் என்று சட்டம் மாறியது. 2018–ல் நேரடி என்று திரும்பியது. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மீண்டும் மறைமுகம். இத்தனை மாற்றத்துக்கும் நடுவே நகரங்களில் தேர்தல் ஒன்று கூட நடக்கவில்லை!

நேரடி ஓட்டும் சர்வரோக நிவாரணி அல்ல. மேயர் ஒரு கட்சி, மெஜாரிட்டி கவுன்சிலர்கள் வேறு கட்சி என்று அமைந்து விட்டால் தீர்மானம் நிறைவேறாது, வேலை நடக்காது. ஆனால் மறைமுக முறையில் சேர்மனின் கண் வாக்காளரைப் பார்ப்பதில்லை. அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கவுன்சிலரைத்தான் பார்க்கிறது. அவர் முகம் சுளித்தால்தானே பதவிக்கு ஆபத்து!

"ஆல் பாஸ்"

சரி, கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது? முன்கூட்டியே அஜெண்டா கவுன்சிலர் கைக்குப் போக வேண்டும். ரோடு, வாறுகால், தெருவிளக்கு, டெண்டர், வரி என்று ஒவ்வொன்றும் ஒரு "மன்றப் பொருள்". ஒவ்வொன்றாக வாசித்து, பேசி, தீர்மானம் ஆக்குவதுதான் முறை.

நடப்பது என்ன? முதல் பத்து நிமிடம் அமளி. பிறகு வெளிநடப்பு. மிச்சம் இருப்பவர்கள் மேஜையைத் தட்ட, ஐம்பது பொருளும் "ஆல் பாஸ்"! பல ஊர்களில் இதுதான் வழக்கம். கவுன்சிலர்களில் பலர் அஜெண்டாவைப் புரட்டிக் கூடப் பார்ப்பதில்லை. அவசரம் என்று சொல்லி முதலில் வேலையை முடித்து, பிறகு மன்றத்தின் "பின்னேற்பு"க்கு வைக்கும் பொருட்களும் அந்தக் கட்டுக்குள்தான் இருக்கும். குடைய வேண்டிய இடமே அதுதான். சத்தம் போடுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை!

இன்னொரு சங்கதி. தீர்மானம் போடுவது மன்றம். நிறைவேற்றுவது கமிஷனர். அவர் அரசு நியமிக்கும் அதிகாரி. மேயர் அங்கி எவ்வளவு பளபளத்தாலும், ஆர்டரில் கையெழுத்து கமிஷனருடையது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சேர்மன் வீட்டு வாசலில் நிற்பவருக்கு இது தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

கரிவலத்தில் எப்படி?

கரிவலம் போன்ற ஊராட்சியில் விஷயம் வேறு. இங்கே தலைவருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். தென்காசி மாவட்டத்தில் 2021 அக்டோபரில் அப்படித்தான் நடந்தது. வார்டு உறுப்பினர்கள் மட்டும் கூடிப் பேசித் தலைவரைத் தூக்கி விட முடியாது. கலெக்டர் நோட்டீசு, விளக்கம், தாசில்தார் கூட்டும் கூட்டம் என்று நீண்ட வழி உண்டு.

அதற்காகத் தலைவர் ராஜா அல்ல. ஊராட்சிப் பணம் வெளியே போக தலைவரோடு துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள். இருவருக்கும் ஆகாவிட்டால் பில் தூங்கும், வாறுகால் நாறும்!

ஊராட்சிக்கு உள்ள பெரிய ஆயுதம் கிராம சபை. 2022 முதல் ஆண்டுக்கு 6 முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே உறுப்பினர் மட்டும் அல்ல, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் எழுந்து வரவு – செலவு கேட்கலாம். ஆனால் ஆள் கூட வேண்டும். மக்கள் தொகை 3,001 முதல் 10 ஆயிரம் வரை உள்ள ஊராட்சி என்றால் குறைந்தது 200 பேர் வர வேண்டும். அதற்கு மேல் என்றால் 300 பேர்.

நகரத்துக்காரர்களுக்கு இந்த வசதி வெகு காலம் இல்லை. 2022 நவம்பர் 1–ந் தேதிதான் வார்டுகளில் "பகுதி சபை" கூட்டம் தொடங்கியது. கவுன்சிலர் தலைமையில் தெரு ஜனங்கள் கூடிக் கேள்வி கேட்கும் இடம் அது. சேர்மனை மாற்ற அங்கே வழி இல்லை. ஆனால், "எங்க வார்டு வேலை எந்தத் தேதி கூட்டத்தில், எத்தனாவது பொருளாப் பாஸ் ஆச்சு? டெண்டர் யாருக்கு?" என்று கவுன்சிலரை முகத்துக்கு நேரே கேட்கலாம்.