வேடம் கலையாத ஆட்டம்

ராஜா அண்ணாமலைபுரத்துக் கிரீன்வேஸ் சாலை என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது அமைச்சர்களின் பங்களாக்கள், பறக்கும் ரயில் நிலையம், அடையாற்றுக்கு அடியில் மெட்ரோவுக்காகத் தோண்டிய சுரங்கம். ஆடுகிறவர்களுக்கு அது வேறு சாலை. 1963இல் வெம்பட்டி சின்ன சத்யம் தொடங்கிய குச்சிப்புடி ஆர்ட் அகாடமி வேரூன்றியது இங்கேதான். சற்றுத் தள்ளி, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் பிராடி என்ற வெள்ளைக்காரர் ஆற்றங்கரையில் கட்டிய மாளிகையில் அரசு இசைக் கல்லூரி இயங்குகிறது. 2013இல் உருவான இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும் அங்கேதான்.

யார் பெண்ணாக ஆடலாம் என்ற கேள்வி இந்தச் சாலைக்குப் பழகிய கேள்வி. வெம்பட்டி பிறந்த குச்சிப்புடி கிராமத்தில் குறிப்பிட்ட சில பிராமணக் குடும்பங்களின் ஆண்கள் மட்டுமே ஆடிவந்தார்கள். பெண் பாத்திரங்களும் அவர்களுடையவைதான். 'பாமா கலாபம்' ஆட்டத்தில் சத்யபாமை நீண்ட ஜடையைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு நுழையும்போது, உள்ளே இருப்பவர் ஆண் என்பது ஊருக்கே தெரியும். வேதாந்தம் சத்யநாராயண சர்மா அந்தப் பாத்திரத்தில் கொண்டாடப்பட்டு 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். வெம்பட்டியோ சென்னைக்கு வந்து, அதே சத்யபாமையைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். சோபா நாயுடு, மஞ்சு பார்கவி என்று பெண்கள் மேடையேறினார்கள். வெம்பட்டியும் சர்மாவும் 2012இல், சில மாத இடைவெளியில் மறைந்தார்கள்.

சர்மாவின் கலை பெரிது. ஆனால் அவரைக் கொண்டாடிய காலத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது என்றே நினைக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் ஜடை கழன்றுவிடும், அரிதாரம் கலைந்துவிடும், வேட்டி கட்டிய வித்வான் வீட்டுக்குப் போய்விடுவார் என்ற உறுதி சபைக்கு இருந்தது. அந்த உறுதியைத் தர முடியாத ஒருவர் அதே சலங்கையைக் கட்டினால்?

அதே பத்தாண்டுகளில் மதுரையில் அப்படி இரண்டு குழந்தைகள் வளர்ந்தார்கள். ஆண் என்று பிறப்பில் எழுதப்பட்டவர்கள். தங்களைப் பெண்ணாகவே அறிந்தவர்கள். வைஜயந்திமாலா நடித்த படங்களைப் பார்த்துப் பார்த்துத் தாங்களாகவே ஆடிப் பழகினார்கள். ஒருவர் நர்த்தகி நடராஜ், மற்றவர் சக்தி பாஸ்கர். வீடு அவர்களை ஏற்கவில்லை. சிறுவயதிலேயே வெளியேற வேண்டியிருந்தது.

வைஜயந்திமாலாவின் குருக்களில் ஒருவர் தஞ்சாவூர் கே.பி. கிட்டப்பா பிள்ளை. அவர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் வழித்தோன்றல். இருவரும் அவரைத் தேடிப் போனார்கள். ஓராண்டு காக்க வைத்த பிறகே அவர் சேர்த்துக்கொண்டார். 1984இல் தொடங்கிய குருகுலம் 1999இல் அவர் மறையும்வரை, 15 ஆண்டுகள் நீடித்தது. நர்த்தகி என்ற பெயரும் அவர் வைத்ததுதான். நட்டுவனார் மரபின் உச்சியில் இருந்த ஒருவர், வீடு ஒதுக்கிய இருவருக்குத் தம் குடும்பச் சொத்தான உருப்படிகளைக் கொடுத்தார். நம் நடன வரலாற்றில் இதைவிடத் துணிவான செயல்களை நான் அதிகம் அறியேன்.

ஆடுகிற எவருக்கும் ஐயம் வரும். அடவு சுத்தமாக விழுந்ததா, அபிநயம் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்ததா என்ற ஐயம் உழைத்தால் தீரும். 'இதை ஆட நீ யார்' என்று ஊர் கேட்டுக் கேட்டு மனத்துக்குள் இறங்கிவிடும் ஐயம் அப்படித் தீராது. எவ்வளவு நன்றாக ஆடினாலும், கைதட்டல் ஆட்டத்துக்கா, வேடிக்கைக்கா என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தனியாகச் சுமக்க முடியாது. ஒத்திகையில் எதிரே உட்கார்ந்து, இந்த இடத்தில் கை தாழ்கிறது, அந்த இடம் சரி என்று சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் அதே தெருவில் அதே வசவைக் கேட்டு வளர்ந்தவராக இருந்தால் அவர் 'சரி' என்பதற்கு வேறு எடை. நர்த்தகிக்குச் சக்தி கிடைத்ததை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

நர்த்தகி தன் ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்ட களமும் தற்செயலானதல்ல. இறைவனைக் காதலிக்கும் பெண்ணாகத் தன்னைப் பாவித்துப் பாடும் தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் நாயகி பாவம் அவருடைய தனித்த இடம். பராங்குச நாயகியாகப் பாடிய நம்மாழ்வாரையும் பரகால நாயகியாகப் பாடிய திருமங்கையாழ்வாரையும் கோயில்கள் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு பல நூற்றாண்டுகள் ஆகின்றன. 'நீ யார்' என்று கேட்பவர்களுக்கு அந்தப் பாசுரங்களையே பதிலாக அவர் ஆடிக்காட்டுகிறார்.

கடலுக்கு அப்பாலும் இதே போராட்டம் உண்டு. அமெரிக்கக் கறுப்பின நடனத்தின் பெருங்கலைஞர் ஆல்வின் எய்லி 1989இல் எய்ட்ஸ் நோயால் இறந்தபோது, உண்மைக் காரணத்தை வெளியே சொல்லவில்லை. தாய்க்கு அவப்பெயர் வரக்கூடாது என்பது அவர் விருப்பம். அவருக்கு அடுத்த தலைமுறைக் கறுப்பின நடன அமைப்பாளர் பில் டி. ஜோன்ஸ் தன் உறவை மறைக்கவில்லை. காதலரும் கலைத்துணையுமான ஆர்னி ஜேனுடன் சேர்ந்து குழு தொடங்கினார். 1988இல் ஜேன் இறந்தார். குழு இன்றும் இருவர் பெயரையும் தாங்கித்தான் மேடையேறுகிறது.

இங்கேயும் காலம் நகர்ந்தது. தமிழ்நாடு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. 2018 செப்டம்பர் 6 அன்று, ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்திய தீர்ப்பு ஒரு பரதநாட்டியக் கலைஞரின் பெயரைத் தாங்கியது: நவ்தேஜ் சிங் ஜோஹர், திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் பயின்றவர். நர்த்தகிக்கு 2011ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது, 2019இல் பத்மஸ்ரீ. பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை அவர். 2021இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரானார். மதுரையில் நடராசர் கால்மாறி ஆடிய சபையான வெள்ளியம்பலத்தின் பெயரில் அவர் நடத்தும் பள்ளியில் கிட்டப்பா பிள்ளையின் பாணி அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அன்று அவரைச் சேர்க்கத் தயங்கிய சமூகம் இன்று தன் பிள்ளைகளை அவரிடம் அனுப்புகிறது.

மாறாதது ஒன்று உண்டு. நடனம் பலர் சேர்ந்து செய்யும் வேலை; நாம் எழுதி வைப்பது ஒரு பெயரைத்தான். கிரீன்வேஸ் சாலையில் வெம்பட்டியின் நாட்டிய நாடகங்கள் உருவானபோது பாடல் எழுதிய புஜங்கராய சர்மாவையும் இசையமைத்த பட்ராயனி சங்கீத ராவையும் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? 377 வழக்கில் ஜோஹரின் துணைவர் சுனில் மெஹ்ராவும் மனுதாரர்தான். தலைப்பில் அவர் இல்லை. நர்த்தகியின் பத்மஸ்ரீ பட்டயத்திலும் ஒரு பெயர்தான்.

சட்டத்தின் தலைப்பையும் அரசுப் பட்டயத்தையும் நாம் மாற்ற முடியாது. சபா அழைப்பிதழ் நம் கையில் இருக்கிறது. நர்த்தகியின் கலையைப் பற்றி அச்சிடும் இடமெல்லாம் சக்தி பாஸ்கர் என்ற பெயரும் அதே எழுத்தளவில் வரவேண்டும்.