விண்ணை நோக்கிய மாளிகைகள்

பழமையான கோயில்களையும் கோட்டைகளையும் காத்தல் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். கோபுரத்தின் உயரமும் சிற்பத்தின் எழிலும் காண்போர் உள்ளத்தைத் தாமே கவர்கின்றன. ஆனால், அறிவு வளர்ந்த ஆராய்ச்சிக் கூடங்களை நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. கருவிகள் பழையனவாகிவிட்டால் கூடமும் பயனற்றது என்று கருதிவிடுகிறோம். நகரம் விரிகின்றது; நிலத்தின் விலை ஏறுகின்றது; பழைய கூடத்தின் மீது விற்போர் கண்ணும் வாங்குவோர் கண்ணும் விழுகின்றன. அக்கூடங்கள் மறைவதால் நாம் இழப்பது யாது? அவற்றைக் காக்கும் வழி யாது? வானாராய்ச்சி நிலையங்கள் மூன்றின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை கூறும்.

முதலாவது, நம் சென்னை மாநகரில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாராய்ச்சி நிலையத்தைக் கட்டி முடித்தனர். அதனை வகுத்தவர் மைக்கேல் டாப்பிங் என்பவர். அந்நிலையத்தில் ஏறத்தாழ 10 டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்று நாட்டப்பெற்றது. அது கூரையைத் தாங்க வந்த தூண் அன்று. தொலைநோக்கியைத் தாங்க வந்த தூண். விண்மீன் ஒன்று வான நடுக்கோட்டைக் கடக்கும் நொடியைச் சரியாகக் குறிக்க வேண்டுமானால், கருவி மயிரிழையும் அசைதல் கூடாது. ஆகவே, அசையாத கருங்கல்லின்மேல் கருவியை அமைத்தனர். பின்வரும் தலைமுறையினர் அறியும்பொருட்டு, அந்நிலையத்தின் தோற்றத்தைப் பற்றிய செய்தியைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கல்லிலே பொறித்தும் வைத்தனர்.

அந்நிலையம் ஆற்றிய பணி சிறிதன்று. 1802-ஆம் ஆண்டில் லாம்டன் என்பார் பரங்கிமலையருகே தொடங்கிய பெரிய நில அளவை, இந்நிலையம் இருந்த இடத்தின் தீர்க்கரேகையையே அடிப்படையாகக் கொண்டது. இந்நாட்டுப் புகைவண்டிகள் சென்னை நேரத்தைப் பின்பற்றி ஓடிய காலமும் ஒன்று உண்டு. 1861-ஆம் ஆண்டில் போக்சன் என்னும் வானியலார் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, அதற்கு 'ஆசியா' எனப் பெயரிட்டார். அவருக்குத் துணையாகப் பணியாற்றிய இரகுநாதாச்சாரியார், 1867-ஆம் ஆண்டில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து புகழ் பெற்றார்.

1899-ஆம் ஆண்டில் வானாராய்ச்சிப் பணி கொடைக்கானல் மலைக்கு மாற்றப்பட்டது. ஞாயிற்றை ஆராய்வதற்கு அம்மலை ஏற்ற இடமாக விளங்கிற்று. சென்னையில் இருந்த பழைய கட்டடமோ இன்று இல்லை. வானிலை ஆராய்ச்சி மையத்தின் வளாகத்தில் அக்கருங்கல் தூண் மட்டும் எஞ்சி நிற்கின்றது. தூணைக் காண்போர் கல்லைக் காணலாம். அதன்மேல் கருவி எவ்வாறு இருந்தது, நோக்குவோர் எங்கு அமர்ந்தார், கூரை எவ்வழியே திறந்தது என்பனவற்றை அங்கு நின்று உணர இயலாது. ஏட்டில் படிக்கும் செய்தி வேறு. இடத்தில் நின்று அறியும் செய்தி வேறு. கட்டடத்தை இழந்தவர் இரண்டாவதை இழந்தவர் ஆவர்.

கட்டடம் நிலைத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதைத் தில்லி நகரத்து ஜந்தர் மந்தர் உணர்த்துகின்றது. ஜெயசிங் மன்னர் 1724-ஆம் ஆண்டளவில் எழுப்பிய அந்நிலையத்தில் தொலைநோக்கி கிடையாது, கட்டடங்களே கருவிகள். ஏறத்தாழ 70 அடி உயரமுள்ள சாய்ந்த சுவர் ஒன்று, இருபுறமும் உள்ள வளைந்த மேடைகளின்மீது நிழலை வீழ்த்தும். அந்நிழல் நகரும் அளவைக் கொண்டு பொழுதைக் கணித்தனர். இன்று அக்கட்டடங்களை அரசாங்கம் காத்து வருகின்றது. ஆயினும், சூழ எழுந்த உயர்ந்த மாடிகள் கதிரவன் ஒளியை மறிக்கின்றன. கருவி இருக்கின்றது, அது காணவேண்டிய வானம் குறுகிவிட்டது. ஆராய்ச்சிக் கூடத்தைக் காப்பது என்பது அதன் சுவர்களைக் காப்பது மட்டுமன்று. அதன் சூழலையும் காப்பதாகும்.

மூன்றாவது நிலையம் அமெரிக்க நாட்டில் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ளது. ஒன்று அழிந்தது, ஒன்று வானம் குறுகி நிற்கின்றது, இதுவோ அழிவின் வாயில் வரை சென்று மீண்டது.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜார்ஜ் ஹேல் என்னும் இளம் வானியலார் உலகிலேயே பெரிய தொலைநோக்கியை அமைக்க விரும்பினார். டிராம் வண்டித் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய யெர்க்கீஸ் என்பவர் பொருள் உதவினார். சிகாகோ நகரத்தின் புகையும் விளக்கொளியும் விண்மீன்களை மறைக்கும் என்று அஞ்சிய அறிஞர்கள், தொலைவில் வில்லியம்ஸ் பே என்னும் ஏரிக்கரைச் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தனர். 1897-ஆம் ஆண்டில் நிலையம் திறக்கப்பெற்றது. அதன் பெரிய தொலைநோக்கியின் லென்ஸ் 40 அங்குல விட்டமுடையது. குழல் ஏறத்தாழ 60 அடி நீளமுடையது. குழல் வானத்தை நோக்கி நிமிர்ந்தால் அதன் கீழ்முனை தாழும்; சாய்ந்தால் உயரும். அதற்கேற்ப, நோக்குவோரைத் தாங்கி நிற்கும் தளம் முழுவதுமே மேலும் கீழும் நகரும்படி அமைத்தனர். அதனினும் பெரிய லென்ஸை உடைய தொலைநோக்கி வானாராய்ச்சியில் நிலையாகப் பயன்பட்டதில்லை. லென்ஸை விளிம்பில் மட்டுமே தாங்க முடியும். ஆதலின், அளவு மிகுந்தால் அது தன் எடையாலேயே வளைந்து உருவத்தைச் சிதைத்துவிடும். எனவே, பிற்காலத்தார் ஆடித் தொலைநோக்கிகளை நாடினர்.

அண்டத்தின் பெருமையை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஹபிள் இங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்தார். 1921-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் இங்கு வந்து சென்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-ஆம் ஆண்டில் இங்குப் பணியேற்று, அவ்வூரிலேயே நெடுங்காலம் வாழ்ந்து அரிய நூல்கள் இயற்றினார். 1983-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற பெருமகனார் அவரே.

காலம் மாறிற்று. உயர்ந்த மலைகளில் பேராடித் தொலைநோக்கிகள் எழுந்தன. பழைய நிலையத்தைப் பேணும் செலவு பல்கலைக்கழகத்திற்குச் சுமையாயிற்று. ஏரிக்கரை நிலமோ விலைமதிப்பு மிக்கது. 2006-ஆம் ஆண்டில் அந்நிலத்தில் உல்லாச விடுதியும் வீடுகளும் எழுப்பும் திட்டமொன்று வெளிப்பட்டது. ஊர் மக்களும் வானியல் அன்பர்களும் அதனை எதிர்த்தனர். அடுத்த ஆண்டில் அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. எனினும், 2018-ஆம் ஆண்டில் நிலையத்தின் கதவுகள் மூடப்பட்டன. அன்பர்கள் சோர்வடையவில்லை. அதனைப் பேணுவதற்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினர். 2020-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் நிலையத்தை அவ்வறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. பழுதுகள் நீக்கப்பெற்று, 2022-ஆம் ஆண்டில் நிலையம் பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பெற்றது. ஹபிளும் சந்திரசேகரும் நடந்த அக்கூடங்களில் இன்று பொதுமக்களும் உலாவுகின்றனர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்பன சில உள. எதிர்ப்பு இடிப்பதைத் தடுக்கும். ஆனால், அதுவே கட்டடத்தைக் காத்துவிடாது. கூரை ஒழுகினால் அடைக்கவும், இரும்பு துருப்பிடித்தால் துலக்கவும் பொருள் வேண்டும், ஆள் வேண்டும். அவை கிடைக்க வேண்டுமாயின், பழைய கூடத்திற்குப் புதிய பயன் வேண்டும். மாணவர் கற்கும் இடமாகவோ, மக்கள் காணும் இடமாகவோ அது விளங்க வேண்டும். பயன் உள்ள வீட்டில் விளக்கு எரியும்; விளக்கு எரியும் வீட்டை எவரும் எளிதில் இடிக்கத் துணியார்.

நகரங்கள் வளர வேண்டுவது உண்மையே. மக்கள் குடியிருக்க வீடும் பயில நிலையங்களும் வேண்டும். ஆனால், வீட்டிற்கு வேறு நிலம் தேடலாம்; வரலாறு நிகழ்ந்த இடத்திற்கு மாற்றிடம் இல்லை. இடித்தபின் வருந்துவதனால் பயன் யாது?

மாணவர்களே! சென்னைக்குச் செல்லும் வாய்ப்பு நேர்ந்தால், நுங்கம்பாக்கத்துத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சிய அவ்வொரு தூண் நம் இழப்பின் அளவைக் கூறும். உங்கள் ஊரிலும் பழைய ஆராய்ச்சிக் கூடமோ, கல்லூரியின் பழைய சோதனைச் சாலையோ இருத்தல் கூடும். அதனுள் யார் உழைத்தார், எதனைக் கண்டார் என்று கேட்டறியுங்கள். எதன் அருமை அறியப்படுகின்றதோ, அதுவே காக்கப்படும்.