சர்க்கரை 9.8: பதற வைத்த ஓர் எண்ணும் எக்ஸெல் தந்த விடையும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படம் பார்த்தாயிற்று, பாட்டு கேட்டாயிற்று, அடுத்து இதை வைத்து என்ன செய்யலாம்?" என்பார்கள். என் வீட்டில் நடந்ததையே இதற்குப் பதிலாகச் சொல்கிறேன்.

என் சொந்த ஊர் மேட்டூர். வேலை பார்ப்பது பெங்களூரில். அப்பாவுக்குச் சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகன் ஊருக்கு வந்தபோது, ரத்தச் சர்க்கரை பார்க்கும் புது மீட்டர் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து அம்மா போன் செய்தார். "அப்பாவுக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கிப் போச்சுடா, 9.8 தான் காட்டுது. மூணு ஸ்பூன் சர்க்கரை கரைச்சுக் குடிச்சிட்டு உக்காந்திருக்காரு" என்றார்.

70-க்குக் கீழே போனால் உடனே சர்க்கரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா அதன்படிதான் நடந்திருக்கிறார். ஆனால் மீட்டர் காட்டிய 9.8 வேறு அளவுமுறையைச் சேர்ந்தது. நமக்குப் பழக்கமான கணக்கில் அது 176! ஏற்கெனவே கூடியிருந்த சர்க்கரையோடு இன்னும் மூன்று ஸ்பூன் சேர்ந்துவிட்டது.

அடியா, மீட்டரா?

மேட்டூர்க்காரர்களுக்கு இதை எளிதாகப் புரிய வைக்கலாம். நம் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அதையே மீட்டரில் சொன்னால் சுமார் 36.6. "அணை மட்டம் 36" என்று யாராவது சொன்னால் அணை வறண்டுவிட்டது என்றுதான் நினைப்போம். தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது, அளவுகோல்தான் வேறு.

ரத்தச் சர்க்கரையும் அப்படித்தான். இந்தியாவில் அதை ஒரு டெசிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம். சிங்கப்பூர், இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று சொல்கிறார்கள். மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும். எந்த அளவு என்பது மீட்டர் திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அளவில் புள்ளி வைத்த எண் வந்தால் அந்த எழுத்தைப் படித்துவிட்டுத்தான் அடுத்த காரியம். பல மீட்டர்கள் 20-க்கும் கீழே போனால் எண்ணைக் காட்டாமல் 'லோ' என்றே காட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஐந்து விநாடியில் எப்படி?

ஆய்வகத்தில் காத்திருந்து வாங்கும் முடிவை இந்தச் சிறிய கருவி சில விநாடிகளில் எப்படித் தருகிறது? சோதனைப் பட்டையின் நுனியில் ஒரு நொதி தடவப்பட்டிருக்கிறது. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் அதனோடு வினைபுரியும்போது எலக்ட்ரான்கள் வெளிப்பட்டு மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. குளுக்கோஸ் அதிகமானால் மின்னோட்டமும் அதிகமாகும். மீட்டருக்குள் இருக்கும் சில்லு அதை எண்ணாக மாற்றுகிறது. நொதியையும் மின்முனையையும் இணைக்கும் இந்த யோசனையை 1962-ல் முன்வைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க்.

இந்த விரல்நுனிச் சோதனை மருத்துவ ஆய்வுக்கும் பெரிதும் உதவியது. சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2001-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதில் 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 பேருக்கு மீட்டரைக் கொண்டே வெறும் வயிற்றுச் சர்க்கரையைச் சோதித்தார்கள். அத்தோடு விடவில்லை. பத்தில் ஒருவரை விரிவான ஆய்வகச் சோதனைக்கும் அழைத்தார்கள். விரைவான அளவீட்டை நிதானமான அளவீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே ஆய்வாளர்களின் வழக்கம்.

நாமும் அதைப் பின்பற்ற வேண்டும். 2013-ல் வந்த உலகத் தர விதிப்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் மீட்டர் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். மீட்டர் 176 என்று காட்டினால் உண்மை அளவு சுமார் 153 முதல் 207 வரை எங்கும் இருக்கலாம். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலில் குத்தினால் அளவு இன்னும் எகிறும். ஆகவே ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். பல நாள் எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் கம்ப்யூட்டர் கைகொடுக்கிறது.

எக்ஸெலில் போடுவோம்

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம்.

1. முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ-யில் தேதி, பி-யில் மீட்டர் காட்டிய எண், சி-யில் நம் கணக்கு.

2. சி2 செல்லில் சமக்குறியைப் போடுங்கள். மவுஸால் பி2 செல்லைக் க்ளிக் செய்யுங்கள். பிறகு பெருக்கலுக்கான நட்சத்திரக் குறியையும் 18-ஐயும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். உங்கள் மீட்டர் மில்லிகிராமில் காட்டுவதானால் இந்தப் படி தேவையில்லை.

3. சி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுங்கள். மற்ற நாட்களுக்கும் கணக்கு தானாக வந்துவிடும்.

4. சி நெடுவரிசையின் எண்களைத் தேர்வு செய்தால் திரையின் அடிப்பட்டையில் சராசரி தெரியும்.

5. இன்செர்ட் மெனுவில் கோட்டு வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும்.

வெறும் வயிற்று அளவுகளை ஒரு ஷீட்டிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தவற்றை இன்னொரு ஷீட்டிலும் வையுங்கள். இரண்டையும் கலந்தால் சராசரிக்கு அர்த்தமே இருக்காது.

அப்பாவின் எண்கள் காலண்டர் தாள்களின் ஓரத்தில் சிதறிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். காலை அளவு ஏறக்குறைய நேர்கோடாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய கோடோ மலை மாதிரி ஏறி நின்றது. காலையில் மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று அவர் சொல்லிவந்தது இதனால்தான். அந்தப் படத்தைப் பிரின்ட் எடுத்து டாக்டரிடம் கொடுத்தோம். அவர் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையை ஆய்வகத்தில் எடுக்கச் சொல்லி, அதைப் பார்த்த பிறகே மாத்திரையை மாற்றினார். நீங்களும் வரைபடத்தை டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையை மட்டும் நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இப்போது அப்பா தினமும் காலையில் பேப்பரில் அணை மட்டத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரையையும் பார்த்து எனக்குப் போனில் சொல்கிறார். "இன்னிக்கு ஏழு புள்ளி ரெண்டுடா" என்பார். நான் பேசும் முன்பே அவரே முந்திக்கொண்டு, "நூத்து முப்பதுன்னு எழுதிக்கோ, பெருக்கிட்டேன்" என்பார்.