உழாத நிலமும் தாராக் கூடுகளும்

மாரிகாலத்தில் மன்னார், வங்காலைக் களப்புகளிற் பெருந்திரளாக வந்திறங்கும் ஊசிவால் தாராவை நம் கமக்காரர் பலர் கண்டிருப்பர். இங்கு வருவன வட ஆசியாவிற் குஞ்சு பொரிப்பவை. இதே இனம் வட அமெரிக்கப் புல்வெளிச் சமவெளியிலும் முட்டையிடுகின்றது. கனடாவின் சஸ்கச்சுவான் முதலிய மாகாணங்களிலும், தெற்கே ஐக்கிய அமெரிக்காவின் வட டக்கோட்டாவிலும் பரந்துள்ள அச்சமவெளி எண்ணிறந்த சிறு குட்டைகள் நிறைந்தது. இன்று அதன் பெரும்பகுதி பயிர்நிலமாகும்.

ஏனைய தாராக்கள் பெரும்பாலும் அடர்ந்த புல்லைத் தேடும். ஊசிவால் தாராவோ சென்ற ஆண்டு அறுவடையான வயலின் அரிதாளிடையே சிறு பள்ளம் பறித்து ஏழெட்டு முட்டைகளை இடும். ஏப்பிரிலிலேயே இது தொடங்கிவிடும். அடைகாக்கும் காலம் ஏறத்தாழ 23 நாட்கள். கேடு யாதெனில், கமக்காரர் உழவு இயந்திரத்துடன் வயலில் இறங்குவதும் அந்நாட்களிலேயாம். முட்டை அழிந்தால் வேறு சில இனங்கள் மீண்டும் மீண்டும் இடும். இப்பறவை அவ்வளவாக இடுவதில்லை. 1970களின் பின் அங்கு இவ்வினம் பெரிதும் குறைந்தமைக்கு இது முக்கிய காரணங்களுள் ஒன்றென ஆராய்ச்சியாளர் கருதுவர்.

உழாமலே விதைத்தால் அரிதாள் நிலத்தில் நிற்கும், மண் காற்றிற் பறவாது, ஈரலிப்பும் காக்கப்படும். களையைக் களைநாசினியால் அடக்கவேண்டும், அச்செலவு சிறிதன்று. இயந்திரம் ஓடும் தடவைகள் குறைவதாற் சில கூடுகள் தப்பும். ஆயினும் இளவேனிலில் விதைக்கும் பயிராயின், விதைப்புக் கருவி ஒருமுறையேனும் வயல் முழுதும் செல்லவேண்டும். கூட்டை அழிக்க அதுவே போதும். ஆகவே உழாமை மட்டும் பறவையைக் காக்கும் என எண்ணுதல் தவறு. விதைக்கும் காலமே கவனிக்கற்பாலது.

குளிர்காலக் கோதுமை இங்குதான் பயன்படுகின்றது. இதனை ஆகஸ்து இறுதியிலும் செத்தெம்பரிலும் அரிதாளிடையே உழாமல் விதைப்பர். நிற்கும் தாள் வெண்பனியைத் தடுத்து நிறுத்த, அப்பனி போர்வைபோற் கிடந்து இளம்பயிரின் குருத்தடியைக் கடுங்குளிரினின்றும் காக்கும். உழுத நிலத்திற் காற்று பனியை வாரிச்செல்ல, பயிர் பட்டுப்போதலும் உண்டு. தாரா வரும் இளவேனிலில் அவ்வயலில் உழவும் இல்லை, விதைப்பும் இல்லை. அறுவடைக்கு முன் குஞ்சுகள் குட்டையை அடைந்துவிடும். இளவேனிற் பயிர் வயல்களிலும் பார்க்க இவ்வயல்களில் மிகுதியான கூடுகள் குஞ்சு பொரித்தமை கண்டறியப்பட்டுள்ளது.

எனினும் இக்கோதுமை அங்கு சிறுபரப்பிலேயே பயிராகின்றது. முன்பயிரின் அறுவடை பிந்தினால் உரிய நாளில் விதைத்தல் இயலாது; விலையும் இளவேனிற் கோதுமையிலும் பெரும்பாலும் குறைவு. பறவைக்காக மட்டும் எக்கமக்காரரும் பயிரை மாற்றார். இளவேனிலில் வேலை நெருக்கடி தணிவதும், பனி உருகிய ஈரலிப்பைப் பயிர் முற்படவே பெறுவதும் அவரை இதன்பால் ஈர்ப்பனவாம்.