மெழுகுவர்த்தி ஏன் வளைந்தது?

மலருக்குக் கட்டுரை கேட்டதும் செயற்கைக்கோள் பற்றி எழுதலாமா, கம்ப்யூட்டர் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். கடைசியில் எங்கள் வீட்டுப் பரணிலேயே விஷயம் கிடைத்தது.

என் அம்மா அச்சில் மெழுகு ஊற்றி மெழுகுவர்த்தி செய்பவர். என் பீஸில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. ஆகஸ்ட் 29-ல் கொடியேறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்காகப் போன வருஷம் சித்திரையிலேயே செய்து, தகரப் பெட்டியில் சாய்த்து நிறுத்தி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் ஏற்றினோம். ஆடியில் திறந்தால் அத்தனையும் வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடந்தன!

"ஒண்ணுகூட உருகலையே, அப்புறம் எப்படிடா வளைஞ்சுது? நீ படிக்கிற பிள்ளை, சொல்லு" என்றார் அம்மா. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். பதில் தெரியாமல் நின்றேன். அந்தத் தடவை பீஸை வட்டிக்கு வாங்கித்தான் கட்டினோம்.

பதில் மூன்றாம் செமஸ்டர் வகுப்பில் கிடைத்தது. அதன் பெயர் 'க்ரீப்'. பாரஃபின் மெழுகு பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஆகவே பனிக்கட்டி போல ஒரே வெப்பநிலையில் சட்டென்று உருகாது. ரகத்தைப் பொறுத்து சுமார் 50 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகும். 40 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். கத்திரி வெயிலில் கூரையடியில் அந்தச் சூடு சர்வசாதாரணம். இளகிய மெழுகுக்குத் தன் எடையே பளு. அது நாள்கணக்கில் அழுத்த, மெல்ல மெல்ல வளைகிறது. கொதிகலனின் இரும்புக் குழாய்க்கும் இதே கதிதான்; அதற்குப் பல நூறு டிகிரி வேண்டும், அவ்வளவே.

எனவே வீட்டில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. நிறுத்தாதீர்கள், சமமான பலகையில் படுக்க வையுங்கள்.
2. சூடான காற்று மேலேதான் தங்கும். பரண் வேண்டாம், கட்டிலுக்கு அடியே போதும்.
3. ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் சுற்றுங்கள். செய்தித்தாளின் மை ஒட்டும்; கலர் மெழுகு பக்கத்து மெழுகில் சாயம் ஏற்றும்.
4. வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். திரியில் ஈரம் ஏறினால் படபடவென்று பொரியும்.
5. ஃபிரீசரில் வைத்தால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி வெடிப்பு விழும்.

இந்த வருஷம் அப்படியே செய்தோம். ஆடியில் பெட்டியைத் திறந்து, அம்மா ஒன்றை எடுத்துத் தரையில் உருட்டிப் பார்த்தார். நேராக ஓடியது. "படிச்சது வீண் போகலைடா" என்றார்.

பரீட்சையில் க்ரீப் இரண்டு மார்க் கேள்விதான். எங்கள் வீட்டில் அது ஒரு செமஸ்டர் பீஸ்!