ஒரே சட்டியில் உறவுச் செடிகள்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, புத்தளத்தை அடுத்த தில்லையடியில் வந்து குடியேறின. சிறு காணியில் வீடு கட்டியவர்க்குப் பூந்தோட்டம் ஏது? திண்ணையோரத்தில் வாயகன்ற மண்சட்டி ஒன்று வைக்க இடமிருந்தாற் போதும், அதுவே தோட்டமாகும். வறட்சியைத் தாங்கும் சதைப்பற்றுச் செடிகளே அதற்கு உகந்தவை.

ஆனால், கண்ணுக்கு அழகாய்ப் பட்டவற்றையெல்லாம் ஒரே சட்டியில் நடுவது பெரும்பிழை. அப்பிழையைச் செய்தவருள் நானும் ஒருவன். காசித்தும்பை வாடுகிறதே என்று நாள்தோறும் நீர் ஊற்றினேன். அருகிலிருந்த கற்றாழை வேரழுகி மாண்டது.

ஆதலின் உறவறிந்து சேர்த்தல் வேண்டும். கற்றாழைக்கு ஹவோர்த்தியா, கஸ்தேரியா என இரு நெருங்கிய உறவினர் உண்டு. இரண்டும் ஆபிரிக்காவின் தென்பகுதியில் தோன்றியவை. 1753 இல் லின்னேயஸ் இவ்வினச் செடிகளையும் கற்றாழை என்ற பெயரிலேயே அடக்கினார். 1809 இல்தான் அவை தனிப்பெயர் பெற்றன. கற்றாழையும் கஸ்தேரியாவும் கலந்து கலப்பினங்கள்கூடப் பிறந்துள்ளன! மூன்றும் இலையில் நீரைச் சேமிப்பவை. பகலில் இலைத்துளைகளை மூடி இரவில் திறப்பவை. ஒன்றுக்குப் போதுமான நீர் மற்றவற்றிற்கும் போதும்.

மருந்துக்கு வளர்க்கும் சோற்றுக்கற்றாழை மட்டும் வேண்டா. பக்கக்கன்றுகளை ஈன்று சட்டியையே அடைத்துவிடும். சிற்றினக் கற்றாழையைப் பின்புறமும், கஸ்தேரியாவை நடுவிலும், உச்சிவெயிலைப் பொறாத ஹவோர்த்தியாவை அவற்றின் நிழலிலும் நடுக. காலை வெயில் மட்டும் படும் இடம் நன்று. சட்டியின் அடியில் துளை இருத்தல் அவசியம். தோட்டமண் ஒரு பங்கு, மக்கிய இலையுரம் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு. அருகில் கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளிவிடாதீர்கள். அதிலுள்ள உப்பு வேரைக் கெடுக்கும். ஆற்றுமணலே தேவை. மண் நன்கு காய்ந்த பின்னரே நீர் விடுக. மாரிமழை தொடங்கியதும் சட்டியைக் கூரையின்கீழ் நகர்த்திவிடுங்கள்.

கள்ளியையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பர். கள்ளி வேறு குடும்பம். அதன் உறவு யார் தெரியுமா? ஊர்ப்பெயரிலேயே நிற்கும் தில்லைதான்! புத்தளக் களப்பின் கண்டற்காட்டில் வளரும் தில்லையும் கள்ளியும் ஆமணக்குக் குடும்பத்தவை. இரண்டின் பாலும் கண்ணிற்பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகள் உலவும் திண்ணையில் கள்ளிக்கு இடமளிக்க நான் ஒப்பேன். தப்பித்தவறிப் பட்டுவிட்டால், கண்ணைத் தேய்க்காமல் தூய நீரால் நெடுநேரம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.